சுவரில் முளைத்த ஆலங்கன்று

நூறு வயது தாண்டிய நகராட்சிக் கட்டடத்தின் சுவர் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று முளைத்தது. மேய வந்த வெள்ளாடு, "ஒரே கடியில தின்னுடுறேன், உனக்கும் தொல்லை விட்டுது" என்றது.

"வாயை வைக்காதே" என்று பதறியது கட்டடம். "சீரமைப்பு நிதிக்கு மனு போயிருக்கு. போட்டோவுல நான் பரிதாபமாத் தெரிஞ்சாத்தான் பணம் வரும்."

வருஷா வருஷம் போட்டோ போனது. வெடிப்பு அகல அகல, கட்டடத்துக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒருவழியாக அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். கன்று மரமாகியிருந்தது. அதன் நிழலில் நின்று இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மறுமாதமே நிதி வந்தது.

"எனக்குத்தானே?" என்றது கட்டடம்.

சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை மென்றுகொண்டே கிழட்டு ஆடு சொன்னது: "மரத்துக்கு. அதோட வேருக்கு இடைஞ்சலா நிக்கிற பழைய கட்டடத்தை இடிக்கிறதுக்கு."