மெதுவாகப் போகும் தண்ணீர்

ரெக்ஸ் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினார்.

துறைமுகத்தில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ கப்பல்களை நேரத்துக்கு அனுப்பிவைத்தவரின் வீட்டில் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

அது சமையலறையை ஒட்டிய சின்னக் கழிவறை. அவர் படுக்கையறையில் இருப்பதைத்தான் பயன்படுத்துவார். இதற்குள் போவது அவர் மனைவி ஜீவமணி மட்டும்.

போனால் லேசில் வெளியே வரமாட்டாள். கதவைத் தட்டினால், "தண்ணி சரியாப் போகமாட்டேங்கு. தொட்டி நெறையட்டும், இன்னொருக்க இழுத்துட்டு வாரேன்" என்று உள்ளிருந்து குரல் வரும்.

அதற்குள் அவருக்குக் கண்ணாடி காணாமல் போயிருக்கும். கண்ணாடி கிடைத்தால் செய்தித்தாள் காணாது. செய்தித்தாள் கிடைத்தால் டீ வேண்டியிருக்கும்.

நானே சரிசெய்கிறேன் என்று அவர் கிளம்பியபோது ஜீவமணி தடுத்துப் பார்த்தாள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

பெண்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று நினைத்து ரெக்ஸ் நெகிழ்ந்துபோனார்.

யூடியூபில் ஒருவர் இந்தியில் விளக்கினார். ரெக்ஸுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் சரியான இடங்களில் தலையாட்டினார்.

முதலில் பழி ஊர்த் தண்ணீரின் மேல் விழுந்தது. உப்பு அடைத்திருக்கும் என்று விளிம்பின் துளைகளை ஊசியால் குத்தினார். வினிகர் ஊற்றினார். பலனில்லை.

"ஏளா ஜீவமணி, பழைய துணி ஒண்ணு கொண்டா."

கொண்டுவந்தாள். அடுத்து ஸ்க்ரூடிரைவர். அது பெரிதாக இருந்ததால் சின்னது. பிறகு டார்ச். ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சட்டியில் சீலா மீன் ஒரு பக்கம் மட்டும் கருகிக்கொண்டிருந்தது.

டார்ச் வெளிச்சத்தில்தான் அவர் அதைப் பார்த்தார். தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி முழுக்கத் திறக்காதபடி, வெள்ளை நைலான் நூலால் இழுத்துக் கட்டியிருந்தது. பாதி திறந்தால் பாதித் தண்ணீர்தானே போகும்.

நூலை அறுத்தார். பிடியை அழுத்தினார்.

தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது.

சென்னையிலிருக்கும் மகள் ஜெபிஷாவுக்கு உடனே வீடியோ கால் போட்டு, மறுபடி அழுத்திக் காட்டினார்.

"அப்பா, கேமராவ அங்கிட்டுத் திருப்புங்க. நான் சாப்ட்டுட்டு இருக்கேன்."

யார் செய்த வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஈஸ்டருக்கு முன்பு குழாய் மாற்ற வந்த பிளம்பர்தான். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறான். அறுந்த நூலைப் படமெடுத்து, ஓய்வு பெற்றோர் வாட்ஸப் குழுவில் 'எச்சரிக்கை' என்று தலைப்பிட்டுப் போட்டார். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

ஜீவமணி நூலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். ரவிக்கைக்குக் கொக்கி தைக்க அவள் வாங்கிவைத்திருந்த நூல் அது. அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மாதமே, அவள் கையால் போட்ட முடிச்சு.

"நல்லாப் போகுது" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் உள்ளே போனால் போன வேகத்தில் வெளியே வந்தாள். வராவிட்டால் ரெக்ஸ் கதவைத் தட்டி, தான் செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த வாரம் அவள், தினமும் மாதா கோயில் காலைப் பூசைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பிந்திப் போகிறவள். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, வெளியே சொன்னால் பலிக்காது என்றுவிட்டாள். மனைவிக்குப் பக்தி வந்துவிட்டதையும் ரெக்ஸ் குழுவில் தெரிவித்தார்.

ஒருநாள் காலையில் சர்க்கரை டப்பா அகப்படவில்லை. போன் செய்தால் அவள் போன் சமையலறையிலேயே அடித்தது. அவர் கோயிலுக்கே நடந்தார்.

கோயில் கதவு சாத்தியிருந்தது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நிமிர்ந்தார். "இந்த வாரம் பூசையே கெடையாதே அண்ணாச்சி. சாமியார் வெளியூர் போயிருக்காவல்லா."

ரெக்ஸ் அவளைத் தேடிக் கடற்கரைப் பக்கமாக இறங்கினார்.

ஜீவமணி தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். கையில் ஜெபமாலை இல்லை. யாரோடும் பேசவில்லை. தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநின்ற கப்பலைக்கூட அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. சும்மா இருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படி அவர் பார்த்ததில்லை.

கூப்பிட வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். அவள் பின்னால் அப்படியே நின்றார்.

காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பாமலே கேட்டாள்.

"என்ன வேணும்?"

சர்க்கரை டப்பா ரெக்ஸின் நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணும் வேண்டாம். நீ இரு."

ஜீவமணி சட்டென்று திரும்பினாள். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.