ஓனரின் ரசனை

"உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கவே கூடாது, ஷீலா. ஓனர் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டு" என்றான் பிரிட்டோ, கேட்டுக்கு வெளியே நின்று.

"ஏன், நான் என்ன சண்டைக்காரியா?"

"போன வாரம் பெருங்களத்தூர்ல என்ன நடந்துச்சு? விஞ்ஞானக் கதையெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்னு அந்த ஓனர் ஒரு வார்த்தைதான் சொன்னாரு. நீ அரை மணி நேரம் லெக்சர் எடுத்தே. கைக்கு வந்த வீடு போச்சு."

இப்போது இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். புரோக்கர் துரை வேறு போனில் எச்சரித்திருந்தார். "முடிச்சூர் ரோட்டுல அருமையான வீடு சார். ஆனா ஓனரை எதிர்த்துப் பேசினா காரியம் கெட்டுடும். கதவு திறந்தே இருக்கும், நேரா உள்ள போங்க."

கதவு திறந்துதான் இருந்தது. காலியான ஹாலில், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார், வாங்கம்மா! என் பேர் யக்ஞநாராயணன்" என்றபடி, மூலையில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நீங்க முதல்ல உட்காருங்க சார்" என்றான் பிரிட்டோ.

"ஐயோ, நீங்க நிக்கும்போது நானா?"

இப்படியும் ஒரு ஓனரா! பிரிட்டோவால் நம்பவே முடியவில்லை.

"நாங்க ரெண்டே பேர் சார்" என்று ஆரம்பித்தான்.

"நாங்களும் ரெண்டே பேர்தான். சத்தம், சண்டை எதுவும் இருக்காது. சுத்த வெஜிடேரியன்."

பிரிட்டோ குரலைத் தாழ்த்தினான். "நாங்க... ஞாயித்துக்கிழமை மட்டும்... கொஞ்சமா... ஜன்னலைச் சாத்திட்டு..."

"அட, உங்க வீடு, உங்க இஷ்டம் சார்! இதையெல்லாம் என்கிட்ட சொல்லணுமா?"

உங்க வீடு என்றே சொல்லிவிட்டார்! பிரிட்டோ மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அப்போதுதான் யக்ஞநாராயணனின் பார்வை ஷீலாவின் கைப்பைக்குப் போனது. அதிலிருந்து ஒரு குண்டு இங்கிலீஷ் நாவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அட்டையில் நெருப்பு கக்கும் டிராகன்.

"போன வருஷம் வந்த டிராகன் கதைதானே இது? இந்த மாதிரி நாவலெல்லாம் விரும்பிப் படிப்பீங்களோ?"

"உயிர் சார்!" ஷீலாவுக்கு முன்னால் பிரிட்டோ முந்திக்கொண்டான். "உங்களுக்கு?"

"எனக்கும் உயிர்தான். என்னா ஒரு நாவல்! அற்புதம்!"

ஷீலாவின் உதடு துடித்தது. மின்சார ரயிலில் வரும் வழியெல்லாம் அவள் இந்த நாவலைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள். முதல் நூறு பக்கம் குதிரையில் போகிறார்களாம். அடுத்த நூறு பக்கம் குதிரைக்குக் கொள்ளு வைக்கிறார்களாம். முந்நூறு பக்கம் தாண்டியும் டிராகன் வந்தபாடில்லையாம்.

பிரிட்டோ அவள் காலை மிதித்தான்.

"அற்புதம் சார்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுலயும் அந்தக் குதிரைப் பயணம்..."

"ஆஹா, குதிரைப் பயணம்! படிச்சு முடிக்கறதுக்குள்ள நமக்கே இடுப்பு வலிச்சுடும்!"

மூவரும் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் ஷீலா கேட்டுவிட்டாள். "சனி கிரகத்தோட வளையத்துல ரயில் விடறாங்களே, அந்த நாவல் படிச்சீங்களா சார்?"

யக்ஞநாராயணனின் கண்கள் மின்னின. உடனே ஜாக்கிரதையானார். "நீங்க என்ன நினைக்கறீங்கம்மா?"

இது பரீட்சை என்று பிரிட்டோவுக்குப் புரிந்துவிட்டது. டிராகன் ரசிகருக்கு ரயில் எப்படிப் பிடிக்கும்?

"டிராகன் இல்லாத கதையெல்லாம் ஒரு கதையா சார்? சுத்த போர்னு இவ பாதியிலயே தூக்கிப் போட்டுட்டா!"

யக்ஞநாராயணன் எச்சிலை விழுங்கினார். "ஆமாமா... சுத்த போர்தான்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நாவலை இரண்டு தடவை படித்து, ரயில் ஓட்டுபவர் சாகும் இடத்தில் இரண்டு தடவையும் அழுதவள் அவள். ஒரு வீட்டுக்காக இப்படியும் பொய் சொல்ல வேண்டுமா என்றிருந்தது.

"அப்போ எங்களை உங்களுக்குப் பிடிச்சிருக்கா சார்?" பிரிட்டோ குழைந்தான்.

"என்ன சார் இது! நானில்ல உங்ககிட்ட அதைக் கேக்கணும்!"

எவ்வளவு அடக்கமான மனிதர்! பிரிட்டோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கப் போன நேரத்தில், வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு ஒரு பெண்மணி வேகமாக உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க, பெருங்களத்தூர் ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டேன். நான் ஞானாம்பாள், ஹவுஸ் ஓனர். மாடி ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு போர்ஷனும் காலி. உங்க ரெண்டு குடும்பத்துல யாருக்கு எது வேணும்?"

யக்ஞநாராயணன் பிரிட்டோவைப் பார்த்தார், ஷீலாவைப் பார்த்தார். பிறகு அந்த ஹாலே அதிரக் கத்தினார்.

"அப்போ நீங்க ஓனர் இல்லையா? அநியாயம்மா! அந்தக் குதிரைக் குப்பையை இவ்வளவு நேரம் நான் யாருக்காகப் புகழ்ந்துகிட்டிருந்தேன்?"