பொறுத்திருந்த எழுத்து

லீவில் தாயோடு ஏலக்காய் எடுக்க மலையேறிய பாண்டீஸ்வரி, ஜீப்பு கவிழ்ந்து போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் தாய் மருதாயிக்காக, கல்லூரியில் படித்த சி மொழியில் அவள் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். திரையில் எழுத்துகள் நொடிக்கு ஒன்றாக வர வேண்டும். மருதாயி ஓட்டினால், ஒன்றை அவள் வாசித்த பிறகே அடுத்தது வரும்.

லேப்டாப்பைச் சரிபார்க்க வந்த மகளின் தோழி சுஜாதா அதை ஓட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வரி மொத்தமாக விழுந்தது.

“எழுத்தெல்லாம் உள்ளயே தேங்கி நிக்குது அத்தே. ஒவ்வொண்ணையும் உடனே வெளிய தள்ளச் சொல்லி ஒரு வரி எழுதணும். கிறுக்கி, மறந்துட்டா.”

“எனக்கு ஒவ்வொண்ணாத்தான வருது?”

“வரவே வராது. எங்க, ஓட்டுங்க பாப்போம்.”

மருதாயி காய்க்கறை படிந்த விரலால் தட்டினாள். ‘அ’ வந்தது. வாசித்தாள். ‘ம்’ வந்தது. அவள் தடுமாறிய இடத்தில் திரையும் நின்றது. சுஜாதா மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

‘அம்மா, சாப்பிட்டி’ வரைக்கும் வந்துவிட்டது.

“இன்னும் ஒரு எழுத்துதான் அத்தே. வாசிங்க.”

“வாசிச்சா முடிஞ்சு போகுமே, ஆத்தா.”

மருதாயி ‘டி’யை வாசிக்காமல் வாயை மூடிக்கொண்டாள். திரையும் பொறுத்திருந்தது.