சூப்பைக் குடித்தவள்

"எம் பொண்டாட்டி வாய்க்குப் போக வேண்டியதை இங்க ஏதோ ஒரு நாய் திங்குது!"

ஆஸ்பத்திரி நடைவழியே அதிர்ந்தது. ஷெர்காசி, அத்-பாஷி ஊர் ஆட்டுச் சந்தையில் கத்திக் கத்தியே ஆளானவன்.

டாக்டரம்மா நூர்ஜமால் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். "அண்ணே, மெதுவா. நோயாளிங்க தூங்கறாங்க."

"தூங்கட்டும். தினம் ஆட்டுக்கறி சூப்பு. அதுல காய்ஞ்ச தயிர் உருண்டையை நுணுக்கிப் போட்டு, தூக்குச்சட்டி நிறைய வாசல்ல கொடுத்து விடறேன். துடைச்சு வெச்சாப்ல காலியா வருது. ஆனா அவ? நேத்து ஒரு நிமிஷம் உள்ள விட்டீங்களே, கையைத் தொட்டுப் பார்த்தேன். ஆட்டு முதுகைத் தடவியே எடை சொல்றவன் நான். அவகிட்ட வெறும் எலும்புதான் இருக்கு!"

"கிருமி ரத்தத்துல பரவிடுச்சுண்ணே. சதை கரையத்தான் செய்யும்."

"கால்சியம் கம்மின்னு நீங்கதானே சொன்னீங்க? தயிர்ல இல்லாத கால்சியமா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ரத்தத்துலதான் கம்மி. சதைக்குள்ள கூடிப்போச்சு. சதை அசைஞ்சு முடிஞ்சதும் கால்சியம் தன் இடத்துக்குத் திரும்பிடணும். இந்த நோய்ல திரும்பறதில்ல. உள்ளேயே தேங்கி, சதையை அரிக்கிற நொதிகளையெல்லாம் தட்டி எழுப்பி விட்டுடுது."

"கடையில சரக்கு இல்ல, கிடங்குல தேங்கி நாறுதுங்கறீங்க."

"அதேதான். இன்னும் கொண்டுவந்து கொட்டினா சரியாகாது."

"இதையெல்லாம் புது வியாபாரிகிட்டச் சொல்லுங்க!"

விறுவிறுவென்று நடந்தான். மாடிப்படிக்குக் கீழே, துணி வைக்கிற அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஆயா பாத்மா, அவனுடைய தூக்குச்சட்டியை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"திருடி! சாகக் கிடக்கிறவ சூப்பையா குடிக்கிறே?"

நாலு வார்டிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

பாத்மா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாண்ணே. பசிச்சுது."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஷெர்காசி சட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு, மனைவியின் கட்டிலுக்கே போய்விட்டான். பல நாளாகக் காணாத தெம்பு அவன் முகத்தில்.

"பிடிச்சிட்டேன், ஐசுலு! இத்தனை நாளா அந்த ஆயாதான் குடிச்சிருக்கா. நாளையிலேருந்து நானே ஊட்டறேன். நீ எழுந்து உட்கார்ந்துடுவே, பாரு. அவளை வேலையை விட்டு விரட்டிட்டுத்தான் மறுவேலை!"

ஐசுலுவுக்குத் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. காற்றுபோலக் குரல் வந்தது.

"நான்தான் அவளைக் குடிக்கச் சொன்னேன்."

"என்னது?"

"என்னால முழுங்க முடியலீங்க. தொண்டையிலயும் சதை போச்சு. சட்டி நிறைஞ்சபடி திரும்பி வந்தா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. கொட்டிடுன்னேன். ஒரு ஆட்டோட உசுராச்சே, கொட்ட மாட்டேன்னுட்டா."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அவளுக்குக் கொழுப்பே ஒத்துக்காது. தினம் குடிச்சிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த வார்டைக் கூட்டறா."

அவன் சட்டியைக் கட்டிலோரம் வைத்தான்.

"திருடின்னு ஊரே கேக்கத்தானே கத்தினீங்க? போங்க. ஊரே கேக்க அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. எனக்குக் காது கேக்கிறப்பவே கேளுங்க."