தண்டவாளத்து அம்மன்

"யார் பண்ண வேலை இது?"

இன்ஜினீயர் சண்முகசுந்தரம் போட்ட சத்தத்தில் வெள்ளானூர் சைட்டே அடங்கிப் போனது.

குடியிருப்புக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, முந்தின நாள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய தண்டவாளம் தலைகாட்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவச் சரக்கு ரயிலுக்காகப் போட்ட லைன் என்றார்கள். இன்று அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

காலையில் வந்து பார்த்தால், தண்டவாளத்தின் ஒரு முனையில் மஞ்சள் துணி, குங்குமம், வேப்பிலை. ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"சித்தாள் வேம்புலியம்மாதான் சார்," என்றார் மேஸ்திரி நாகப்பன். "ஆத்தா கனவுல வந்து, 'நான் இங்கதான் கீறேன், என்னைத் தொடாதே'ன்னு சொல்லிச்சாம். ஒருத்தனும் குழியில எறங்க மாட்டேன்றான்."

சண்முகசுந்தரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. இன்றைக்கு மஞ்சள் துணி, அடுத்த வாரம் ஓலைக் கூரை, ஆடி பிறந்தால் கூழ். அப்புறம் கட்டடத்தை எங்கே கட்டுவது?

"கோயில் கட்ட உனக்கு வேற எடம் கெடைக்கலியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வேம்புலியம்மாவுக்குக் கண் கலங்கியது. இந்த வேலை போனால் வீட்டில் மூன்று வயிறு காயும்.

"போய்டறேன் சார். அங்க மட்டும் கடப்பாரை போடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"எல்லாரும் பாருங்கய்யா, உங்க ஆத்தாவை!"

ஷூ காலோடு குழியில் இறங்கினார். வேப்பிலையை வீசி எறிந்தார். மஞ்சள் துணியைப் பிடித்து இழுத்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

தண்டவாளத்துக்கு அடியில், துருவேறிப் போய், முழங்கை நீளத்துக்கு ஒரு பீரங்கிக் குண்டு கிடந்தது.

"சார், அதும் மேல கால் படாம மெதுவா ஏறி வாங்க." வேம்புலியம்மா குழி ஓரத்துக்கு வந்து சொன்னாள். "என் தம்பி இந்த மாதிரி ஒண்ணைத் தட்டித்தான் செத்தான்."

ஆட்கள் தூர ஓடினார்கள். போலீசுக்கு ஆள் போனது. மேலே ஏறி வந்த சண்முகசுந்தரத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"தெரிஞ்சும் எதுக்கும்மா கனவு, ஆத்தான்னு நாடகம் போட்டே? நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"நேத்து மண்ணு அள்ளச்சொல்லோ பாத்ததும் ஓடியாந்து சொன்னேனே சார். 'மண்ணு சொமக்கறவ மண்ணை மட்டும் சொம'ன்னீங்க. அதான், நான் சொன்னதை ஆத்தா சொன்னதா சொன்னேன்."