இரண்டாம் திரை

"ஆளையே பாக்காம எடுத்தோம்னு நாளைக்கு நாம மார்தட்டிக்கணும். ஆனா வேலை என் மச்சானுக்குத்தான். கோட்டை விட்டீங்கன்னா உங்க நாற்காலியும் போயிடும்," என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு முதலாளி புறப்பட்டார்.

தட்டச்சுத் தேர்வுக்கு வந்தவர்கள் இருவர். கதவு சாத்திய பக்கத்து அறையில் அவர்கள் அடிப்பது மட்டும், பெயரில்லாமல், மேலாளரின் மேசையில் இரு திரைகளாகத் தெரிந்தது. மச்சான் எந்தத் திரை என்று கேட்டுவைக்க அவருக்குத் தோன்றவில்லை. இனிக் கேட்கத் துணிவில்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ரெண்டு கையும் வராதாம் சார், பாவம்," என்றார் காவலாளி.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முதல் திரையில் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன. இரண்டாவதில் வாக்கியங்கள் முழுசு முழுசாக வந்து விழுந்தன. இனி யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டாம் திரைக்காரருக்கு நியமன ஆணையை மின்னஞ்சலில் அனுப்பினார். முதலாளிக்கும் ஒரு நகல்.

கதவு திறந்தது. காலால் தரையை உந்தியபடி சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தாள்.

"ஆணை வந்துடுச்சு. ரொம்ப நன்றி சார்."

"ஏம்மா... உனக்குக் கை?"

"வராது சார். கால் விரலால ரெண்டு கீ தட்டினா, ஆபீஸ் கடிதத்துல வழக்கமா வர்ற முழு வாக்கியமும் விழற மாதிரி சுருக்குவிசை வெச்சிருக்கேன்."

"அப்ப அந்த முதல் திரை?"

"அந்த சாரா? ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. இன்னும் 'ழ'வைத் தேடிட்டிருக்கார்."

மேலாளரின் கைப்பேசி அலறியது. முதலாளி.

"அனுப்பினதைத் திரும்ப வாங்க ஏதாவது சுருக்குவிசை இருக்காம்மா?" என்று அவளிடம் கேட்டார் மேலாளர்.

"அடிச்சதுக்கு இருக்கு சார். அனுப்பினதுக்கு இல்லை."