அசையாத எலிவேட்டரும் அசராத குரலும்

டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தின் வாசல் கூடத்தில், மூன்று கிழமையாக அசையாத எலிவேட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குலசிங்கம் சூட்டும் மைக்குமாக நிற்கிறார். போன வருடம்வரை வானொலி அரசியல் நிகழ்ச்சியில் இப்படிப்பட்ட கட்டட முதலாளிகளைத் தோலுரித்துத் தொங்கவிட்ட மனிதர், இப்போது அந்த முதலாளிகளின் தொடர்பாடல் அதிகாரி. "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம்" என்று ஸ்பீக்கரில் அதே வெண்கலக் குரல் முழங்குகிறது. தலை மட்டும் வணங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மேலே போக வழியில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் றொபேட்டின் பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டுகிறது. றொபேட்டின் மனைவி அருள்மலருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிழமை தவறாமல் குலசிங்கத்தின் அந்த நிகழ்ச்சிக்குப் போன் எடுத்துப் பேசியவள் அவள். அவள் வீட்டு றேடியோ போனில் எதிரொலிக்கிறது என்று "முதல் றேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ, தங்கச்சி" என ஒவ்வொரு முறையும் அவளை அதட்டியவர் குலசிங்கம். "எலிவேட்டர் எப்ப அண்ணை ஓடும்?" என்கிறாள். "அருமையான கேள்வி! உங்கள் உணர்வுகளை நிர்வாகம் செவிமடுக்கிறது..." ஸ்பீக்கர் கீச்சிடுகிறது. அருள்மலர் விறுவிறென்று போய் அதன் சத்தத்தை அடியோடு குறைக்கிறாள். "அண்ணை, முதல் உங்கட றேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ. இப்ப சொல்லுங்கோ, இவரை ஒன்பதாம் மாடிக்கு ஆர் தூக்கிறது? நீங்களோ?"